அழித்தாலும் திரும்பி வரும் ஸ்பைவேர் எச்சரிக்கை: வில்லாபுரத்து டெஸ்க்டாப் ஒன்றைச் சுத்தம் செய்த பதிவு

இடம் மதுரை வில்லாபுரம். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டு டெஸ்க்டாப்: இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வீட்டில் மூன்று பேரும் ஒரே அக்கவுன்ட்டில், அட்மின் உரிமையோடு உட்காருகிறார்கள். கல்லூரி அசைன்மென்ட், இ-சேவை விண்ணப்பம், கரன்ட் பில், இரவில் சீரியல்.

புகார் ஒரே வரிதான்: "வைரஸ் இருக்குன்னு சொல்லுது, அழிக்கிறோம், மறுநாள் திரும்ப வருது." அதற்குள் இரண்டு இலவச ஆன்டிவைரஸ்களைப் போட்டிருந்தார்கள். ஒன்று இன்னொன்றின் கோப்புகளைத் துருவிக்கொண்டிருந்ததில் கணினி நகரவே இல்லை. முதலில் இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மட்டும் ஓடும்படி வைத்தோம்.

அதன்பின் உடனே ஸ்கேன் போடவில்லை. அரை மணி நேரம் எதையும் தொடாமல், திரையில் வருவதையெல்லாம் மொபைலில் படம் எடுத்தோம். எச்சரிக்கை காட்டுவது யார் என்று தெரியாமல் ஸ்கேன் போடுவது, ஓட்டில் எந்த இடம் ஒழுகுகிறது என்று பார்க்காமல் தரையைத் துடைப்பது போன்றது. படங்களைப் பிரித்துப் பார்த்ததில், வீட்டார் ஒன்றென்று நினைத்த தொல்லை மூன்றாக இருந்தது.

ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் பெட்டி. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று ஆங்கிலத்தில், பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் சின்னத்தோடு. இரண்டு, விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயரிலேயே தினமும் வரும் அறிவிப்பு. மூன்று, லாகின் ஆனதும் ஒரு கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைய, பிரவுசர் தானாகத் திறந்து விளம்பரம் காட்டுவது.

மூலைப் பெட்டி

முதலாவது வைரஸே அல்ல. பெட்டியில் சின்ன எழுத்தைப் பார்த்தால் கூகுள் குரோம் என்றும், பக்கத்தில் முன்பின் கேள்விப்படாத ஒரு தள முகவரியும் இருக்கும். அது அந்தத் தளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன். டிஃபெண்டரின் உண்மையான அறிவிப்பைச் சொடுக்கினால் விண்டோஸ் செக்யூரிட்டி செயலி திறக்கும். இதைச் சொடுக்கினால் இணையப் பக்கம் திறக்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே போதும், ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காகச் சொடுக்க வேண்டாம்.

இலவச சீரியல் தளங்களில் வீடியோவுக்கு முன்னால் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ கொடுங்கள்" என்று ஒரு திரை வரும். ரோபோ சோதனைக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி தேவைப்படுவதே இல்லை. அந்த ஒரு சொடுக்கோடு, பிரவுசரை மூடி வைத்திருந்தாலும் செய்தி அனுப்பும் உரிமை அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற பட்டியலில் 23 தளங்கள்; வீட்டாருக்குத் தெரிந்தவை இரண்டு. மற்றவற்றை ரிமூவ் செய்தால் அடுத்த முறை அந்தத் தளம் மறுபடி கேட்கும், பிளாக் செய்தால் கேட்கவே முடியாது. ஆகவே 21-ஐயும் பிளாக் செய்து, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கக் கூடாது என்ற பொது அமைப்பையும் போட்டோம். சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் அமைப்பை அணைத்தோம்.

பெட்டி நிற்கவில்லை. அந்த குரோமில் மூன்று புரொஃபைல்கள் இருந்தன. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் அனுமதிப் பட்டியல் தனி. பலரும் "நோட்டிஃபிகேஷனை எடுத்துவிட்டோம், ஆனாலும் வருகிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மற்ற இரண்டு புரொஃபைல்களிலும், எட்ஜிலும் இதையே செய்தபின் அடங்கியது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில சமயம் திரை முழுவதும் சிவப்பாகி, குரல் ஒலித்து, "கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வரும். அதுவும் வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தினால் மூடும். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரிலிருந்து பிரவுசரை முடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் தொலைபேசி எண் போடுவதில்லை. அந்த எண்ணுக்கு அழைத்து, எனிடெஸ்க் போன்ற ரிமோட் செயலியை யாராவது ஏற்றச் சொல்லி ஏற்றியிருந்தால், அந்தக் கணினியை அப்போதே நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு வங்கிக்குத்தான் முதலில் பேச வேண்டும்.

கறுப்பு ஜன்னலும் தினசரி எச்சரிக்கையும்

மற்ற இரண்டும் உண்மையான தொற்று, அதுவும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. தொடங்குமுன் நெட் கேபிளைக் கழற்றினோம். ஆவணங்கள், புகைப்படங்களை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். எந்த இன்ஸ்டாலர் கோப்பையும் எடுக்கவில்லை. ஆட்டோரன்ஸ் (கணினியோடு தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடுவது), ஆட்வ்கிளீனர் (விளம்பரத் தொல்லை நிரல்களை நீக்குவது), மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் (தேவைப்படும்போது ஓட்டும் வைரஸ் ஸ்கேனர்) மூன்றையும் வேறொரு சுத்தமான கணினியில் இறக்கிக் கொண்டுவந்தோம். சேஃப்டி ஸ்கேனர் இறக்கியதிலிருந்து 10 நாள்தான் வேலை செய்யும், பழைய நகலை வைத்துக்கொண்டு பயனில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்தோம். பத்து நாளாக ஒரே ட்ரோஜன் (நல்ல நிரல் போல நடித்து நுழையும் தீய நிரல்) பெயர், ஒரே இடம்: ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்ற தற்காலிகக் கோப்பு ஃபோல்டர். தினமும் லாகின் ஆன ஒரு நிமிடத்துக்குள் பிடிபட்டிருக்கிறது, தினமும் அழிக்கப்பட்டிருக்கிறது. டிஃபெண்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அழித்த கோப்பு திரும்பி வருகிறதென்றால், கொண்டுவந்து போடும் கை வேறெங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். லாகின் ஆனதும் என்ற நேரமே துப்பு.

விண்டோஸ் தொடங்கும்போது எதையாவது ஓட்டக்கூடிய இடங்கள் பல. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். வியூ மெனுவில் மறைந்திருக்கும் டாஸ்க்குகளையும் காட்டச் சொல்லிவிட்டு, லைப்ரரியின் மேல்மட்டத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயரை நம்பக் கூடாது; ஆக்‌ஷன்ஸ் தாவலில் அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். உண்மையான கூகுள் அப்டேட்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் தன் கோப்பை ஓட்டும். இங்கே கிட்டத்தட்ட அதே பெயரில் இருந்த ஒரு டாஸ்க், ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸ் நிரலான டபிள்யூஸ்கிரிப்டை அழைத்து, ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் கொண்ட ஒரு ஃபோல்டரிலிருந்து விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டியது. லாகினில் ஒருமுறை, பிறகு அரை மணிக்கொருமுறை. இன்னொரு டாஸ்க் கமாண்ட் ஜன்னல் வழியாக பிரவுசரை ஒரு விளம்பர முகவரியோடு திறந்தது. கறுப்பு ஜன்னல் இதனுடையது.

சரி, அந்த விபிஎஸ் ஸ்கிரிப்டை டிஃபெண்டர் ஏன் பிடிக்கவில்லை? விடை எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் இருந்தது. வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். உள்ளே இரண்டு ஃபோல்டர்கள்: ரோமிங் ஃபோல்டர் முழுவதும், விண்டோஸ் ஆக்டிவேட்டர் ஒன்றின் ஃபோல்டர். இவற்றில் எது இருந்தாலும் பார்க்காதே என்று டிஃபெண்டருக்கு ஆணை. விண்டோஸுக்குக் காசு கொடுக்காமல் இருக்கப் போடும் ஆக்டிவேட்டர்கள், "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்று சொல்வது இதற்காகத்தான்; ஓடும்போது தாங்களாகவே இந்த விலக்கை எழுதிவிடுகின்றன. ஆக, ஸ்கிரிப்ட் விலக்கப்பட்ட ஃபோல்டரில் பத்திரமாக இருந்துகொண்டு, விலக்கில்லாத டெம்ப் ஃபோல்டருக்குள் ட்ரோஜனை இறக்குகிறது. டிஃபெண்டர் இறக்கியதை அழிக்கிறது, இறக்கியவனைப் பார்ப்பதில்லை.

நீக்கும் வரிசை முக்கியம். முதலில் இரண்டு டாஸ்க்குகளையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, டிஸேபிள் செய்தோம். உடனே டெலீட் செய்தால் ஸ்கிரிப்ட் இருந்த பாதை கைவிட்டுப் போகும். அடுத்து டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் தாவலில் கமாண்ட் லைன் என்ற நெடுவரிசையை வரவழைத்து, அந்த ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்த டபிள்யூஸ்கிரிப்டை முடித்தோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோல்டரை அழித்தால், இந்த வகை ஸ்கிரிப்ட்கள் நினைவகத்திலிருந்து தங்களைத் திரும்ப எழுதிக்கொள்வதுண்டு. பிறகுதான் ஃபோல்டர், பிறகு டாஸ்க்குகள், கடைசியாக இரண்டு எக்ஸ்க்ளூஷன்கள்.

சில கணினிகளில் எக்ஸ்க்ளூஷன் வரி மங்கலாக, நீக்க முடியாமல், "உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்று நிற்கும். வீட்டுக் கணினிக்கு ஏது நிர்வாகி? அப்போது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் வரை போய், அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்துகொண்டு, அதனுள் உள்ள எக்ஸ்க்ளூஷன்ஸை நீக்க வேண்டும். பாலிசீஸ் என்ற சொல் இல்லாத இன்னொரு பாதையும் இதே போல இருக்கும். அதில் கை வைக்க வேண்டாம். இதே "நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி குரோமின் மெனுவிலும் வந்தால், யாரோ ஒரு எக்ஸ்டென்ஷனை நீக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆன்டிவைரஸ் போன்ற சில நல்ல செயலிகளும் இந்த வரியை வரவழைப்பதுண்டு, அதனால் என்ன எக்ஸ்டென்ஷன் என்று பார்த்துவிட்டு, பாலிசீஸுக்குக் கீழே கூகுள், குரோம் என்ற கீயில் தேடுங்கள். நம் கணினியில் இது இல்லை.

ஆட்டோரன்ஸ் சொன்னது

கண்ணுக்குத் தப்பியது ஏதும் உண்டா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ். அட்மினாக ஓட்டி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கச் சொல்லி, கையொப்பச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். மஞ்சள் வரி என்றால் குறிப்பிட்ட கோப்பு அங்கே இல்லை. இளஞ்சிவப்பு என்றால் வெளியிட்டவர் பெயரோ டிஜிட்டல் கையொப்பமோ சரியில்லை. நாம் நீக்கிய ஸ்கிரிப்டைக் குறிக்கும் ரன் கீ (லாகினில் எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ரெஜிஸ்ட்ரி வரி) ஒன்று மஞ்சளாக நின்றது. டாஸ்க்கை மட்டும் அழித்து நிறுத்தியிருந்தால், ஃபோல்டர் இருந்திருக்கும் பட்சத்தில் அடுத்த லாகினில் எல்லாம் திரும்பியிருக்கும்.

இளஞ்சிவப்பு எல்லாம் எதிரி இல்லை. நம் ஊர்க் கணினிகளில் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பழைய பிரின்டர் டிரைவர், டாங்கிள் டிரைவர் எல்லாம் கையொப்பமில்லாமல் இருக்கும். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் இடைமறித்துத்தான் எழுத்தாக மாற்றுகிறது. விசைகளைத் திருடும் ஸ்பைவேரும் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. எனவே ஆன்டிவைரஸ் இவற்றைச் சந்தேகிப்பதில் வியப்பில்லை. டிக்கை எடுத்துப் பாருங்கள், உடனே டெலீட் செய்யாதீர்கள். தளத்திலிருந்து நேரடியாக இறக்காமல் யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து ஏற்றிய தட்டச்சு மென்பொருளானால், அதை எடுத்துவிட்டு விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிடலாம்.

நடுவில் நின்றுபோன ஸ்கேன்

அடுத்து ஃபுல் ஸ்கேன். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் போகும்; நாளை நம் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சாதாரண வீட்டு யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம்.

மின்சாரம் இருந்தும் 50 நிமிடத்தில் கணினி பட்டென்று அணைந்தது. மறுபடி ஓட்டியதில் 40 நிமிடத்தில். வைரஸ்தான் ஸ்கேனை நிறுத்துகிறது என்று வீட்டார் பயந்தார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டுமே இருந்தது. முறையாக அணையாமல் மின்சாரம் போனது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அணைந்ததும் உடனே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தோம்: பிராசஸர் 91 டிகிரி. கேபினெட்டைத் திறந்தால் பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் கம்பளி போலத் தூசி. சாலையோர வீடு, சித்திரை வெயில், மேசைக்கடியில் சுவரோடு ஒட்டிய கேபினெட். ஸ்கேன் பிராசஸரை இடைவிடாமல் வேலை வாங்க, சூடு எல்லையைத் தொட்டதும் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது.

ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் தூசியைத் தட்டி, ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பேஸ்டைச் சுத்தம் செய்யும் ஆல்கஹாலால் துடைத்து, துவரம்பருப்பு அளவுக்குப் புது தெர்மல் பேஸ்ட் வைத்து அழுத்தினோம். கூடுதலாக வைத்தால் ஓரத்தில் பிதுங்கி வழியுமே தவிர சூடு குறையாது. கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அடுத்த ஸ்கேன் 4 மணி 40 நிமிடத்தில் முழுதாக முடிந்தது. ரோமிங் ஃபோல்டரில் மிச்சமிருந்த இரண்டு கோப்புகளும், ஹேக்டூல் ஆட்டோகேஎம்எஸ் என்ற பெயரில் அந்த ஆக்டிவேட்டரும் இந்த முறை பிடிபட்டன. விலக்கை எடுத்ததன் பலன்.

பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். இது விண்டோஸ் முழுதாக எழும்பாத நிலையில் ஓடுவதால், ஓடிக்கொண்டே ஒளிந்திருப்பவை ஒளிய முடியாது. சுமார் கால் மணி நேரம், ஒன்றும் இல்லை. ஆட்வ்கிளீனரும் சேஃப்டி ஸ்கேனரும் ஒவ்வொரு முறை. ஆட்வ்கிளீனர் ஒரு தேடல் எக்ஸ்டென்ஷனின் எச்சத்தை எடுத்தது.

எல்லாம் சுத்தம், ஆனாலும் எச்சரிக்கை

மறுநாள் மறுபடி "நடவடிக்கை தேவை" என்று டிஃபெண்டர். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். அஃபெக்டட் ஐட்டம்ஸில் பாதையையும் தேதியையும் பாருங்கள். தேதி பழையது, பாதையில் உள்ள கோப்பு இப்போது இல்லை. அப்படியானால் டிஃபெண்டர் தன் பழைய குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. சேஃப் மோடில் போய், புரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், ஸ்கேன்ஸ், ஹிஸ்டரி, சர்வீஸ் என்ற பாதையில் உள்ள டிடெக்‌ஷன் ஹிஸ்டரி ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அழித்து ரீஸ்டார்ட் செய்தோம். சாதாரண முறையில் முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். பாதையில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று இருந்தால், பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுக்குள் (கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் நகல்) கோப்பு உறைந்திருக்கிறது; சிஸ்டம் புரொடெக்‌ஷனில் பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை நீக்கிப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். தேதி புதியதாக இருந்தால் மட்டும் டாஸ்க் ஷெட்யூலருக்குத் திரும்புங்கள்.

வீட்டுப் பாஸ்வேர்டுகளை மொபைலில் இருந்து மாற்றச் சொன்னோம்: முதலில் மெயில், பிறகு வங்கி, பிறகு மற்றவை. சில ஸ்பைவேர்கள் லாகின் ஆன நிலையை நினைவில் வைத்திருக்கும் பிரவுசர் கோப்பான குக்கீயையே எடுத்துப் போகும் என்பதால், ஒவ்வொரு கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்த வேண்டும். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஆக்டிவேட்டர் போனதால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்று மூலையில் எழுத்து வந்தது. அதை மறைக்க இன்னொரு ஆக்டிவேட்டரைப் போட்டால் இந்தப் பதிவை முதல் வரியிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலிலும் இல்லை. நமது கருத்து, இந்த வயதுள்ள கணினிக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டியும், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டும் போதும். பிரவுசரும் லிப்ரே ஆஃபிஸும்தான் இந்த வீட்டுக்குத் தேவை. அதுவரை, தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் ஒன்றும், பாஸ்வேர்டோடு தனி அட்மின் அக்கவுன்ட்டும் அமைத்தோம்.

பென் டிரைவ்

ஏழு நாள் கண்காணிப்பில் நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள், பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவைச் செருகியதும் எச்சரிக்கை. உள்ளே அசைன்மென்ட் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே பென் டிரைவிலிருந்து வழக்கமாக எதுவும் தானாக ஓடாது. ஃபோல்டர் என்று நினைத்து நாம் சொடுக்கும் ஷார்ட்கட்தான் ஸ்கிரிப்டை ஓட்டும். கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொன்னாலும் ஷார்ட்கட்டின் நீட்சி தெரியாது. ஐகானின் மூலையில் உள்ள சின்ன அம்புக்குறிதான் கண்ணில் படும் அடையாளம்.

உண்மையான ஃபோல்டர்கள் அழியவில்லை, ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு பண்புகளோடு மறைக்கப்பட்டிருந்தன. சிஸ்டம் பண்பு இருக்கும்வரை புராப்பர்ட்டீஸில் ஹிடன் டிக்கை எடுக்க முடியாது, அது மங்கலாகவே இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் பென் டிரைவின் எழுத்துக்கு மாறி, அட்ரிப் என்ற கட்டளையோடு மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், நட்சத்திரப் புள்ளி நட்சத்திரம், சாய்கோடு எஸ், சாய்கோடு டி என்று இடைவெளி விட்டுக் கொடுத்தோம். எச், எஸ் இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுக்காவிட்டால் மறுத்துவிடும். ஃபோல்டர்கள் வெளிவந்தன, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்தோம். இனிக் கடைக்கு பிடிஎஃப்-ஐ மெயிலில் அனுப்புவதாக முடிவு. கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தால், திரும்பும் முன் மொபைலில் லிங்க்டு டிவைசஸ் பார்த்து லாக் அவுட் செய்துவிட வேண்டும்.

அந்த ஐந்தாம் நாள் எச்சரிக்கை ஒரே முறைதான் வந்தது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் லாகின் ஆன பிறகு கறுப்பு ஜன்னல் இல்லை, ரோமிங்கில் புது ஃபோல்டர் இல்லை, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாக இருந்தது.